சங்கச் செய்தி வாசிப்பது சுலோஜனா

பிரதாபன் வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதையும் அவன் மனதாரச் சொல்லவில்லை.

புங்குடுதீவில் ஒரு பதவியை ஏற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோயில் சபையாகட்டும், சனசமூக நிலையமாகட்டும், பெயரை முன்மொழிந்தவுடன் அந்த ஆள் தலையை ஆட்டி மறுக்கவேண்டும். "எனக்கு நேரமில்லை, வேறை ஆரையும் போடுங்கோ" என்று கதிரையில் சரிந்து உட்காரவேண்டும். சபை வற்புறுத்தும். இரண்டாம் முறையும் அவர் மறுப்பார். சபை விடாது. மூன்றாம் முறை, ஊருக்காகப் பெரிய பாரத்தைச் சுமக்கப் போகிறவரின் முகத்தோடு எழுந்து கும்பிடுவார். கேட்டவுடன் ஓம் என்பவனைப் பதவி விசரன் என்று ஊர் பேசும். பிரதாபனின் தகப்பன் மார்க்கண்டர் இப்படி மறுத்து மறுத்தே சாகும்வரை கோயில் சபைக்குத் தலைவராக இருந்தவர்.

ஆகவே மடத்துவெளியில் 'கடலொளி' தொலைக்காட்சி ஊழியர்கள் சங்கம் அமைக்கக் கூடிய அன்று, படத்தொகுப்பாளர் அன்ரனிதாஸ் எழுந்து, "செயலாளருக்குப் பிரதாபன் அண்ணையைப் போடுவம்" என்று சொன்னபோது, பிரதாபன் செய்யவேண்டியதைச் செய்தான்.

"சீச்சீ, எனக்கு ஏலாது. கமராவோடை திரியிறவன் நான். வேறை ஆரையும் பாருங்கோ."

சொல்லிவிட்டுக் கதிரையில் சரிந்து, வற்புறுத்தலுக்காகக் காத்திருந்தான். கூட்டத்தைக் கூட்டியவனே அவன்தான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் மோட்டார்சைக்கிளில் போய்க் கதைத்தவன். அந்தப் பதவி தன்னுடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஆனால் அங்கே டெனிஸ்ரன் இருந்தான். கமரா உதவியாளன். ஊர்காவற்றுறைப் பொடியன். மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டிருந்தவனுக்குப் புங்குடுதீவு முறை தெரியாது.

"அண்ணைக்கு ஏலாதெண்டால் விடுங்கோவன், ஏன் கரைச்சல் குடுப்பான்? சுலோஜனா அக்கா இருக்கட்டும்."

சுலோஜனா பிரதாபனின் மனைவி. நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம்.

"ஓம், நான் இருக்கிறன்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிரதாபனும் தட்டினான். கட்டிய மனைவிக்குக் கைதட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார்சைக்கிளை வீதிப் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்தே விட்டான் என்று பின்னால் இருந்த சுலோஜனாவுக்குத் தோன்றியது.

கடலொளி பெரிய நிலையம் அல்ல. சுவிசுக்குப் போய் நன்றாக வந்து அங்கேயே இருக்கும் தில்லைநாதன், பூட்டிக் கிடந்த தன் பரம்பரைக் கல்வீட்டைத் திறந்து, சாப்பாட்டறையைச் செய்தி அறையாகவும் நெல் அடுக்கும் அறையைப் படத்தொகுப்பு அறையாகவும் மாற்றி நடத்தியது. தீவுப்பகுதிச் செய்தி, கோயில் நேரலை, மரண அறிவித்தல். இவ்வளவும்தான். உள்ளூரில் பார்ப்பவர்களைவிடக் கனடாவிலும் சுவிசிலும் பார்ப்பவர்கள் அதிகம். இங்கே மேற்பார்வைக்குத் தில்லைநாதனின் மருமகன் ரஜீபன் இருந்தான்.

சங்கம் வந்தது டெனிஸ்ரனின் காலால். நெடுந்தீவுக்கு ஒரு நிகழ்ச்சி எடுக்கப் போனபோது, சோளகக் காற்றில் படகு துள்ளி, இறங்குதுறைக் கல்லுக்கும் படகுக்கும் நடுவில் அவன் கால் அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் வேலை இடத்தைக் கேட்டபோது ரஜீபன் சொன்னான்: "உவர் எங்கடை ஊழியர் இல்லை. கூட வந்த உதவியாள்." அந்த ஒரு வசனம் எல்லோருக்கும் சுட்டது. விசாரித்துப் பார்த்தால் ஒருவருக்கும் நியமனக் கடிதம் கிடையாது. அப்படியென்றால் எல்லோருமே கூட வந்தவர்கள்தான். எங்களை ஊழியர் என்று கடிதத்தில் சொல்லு என்பதுதான் சங்கத்தின் ஒரே கோரிக்கை.

சுலோஜனா கடலொளியில் மரண அறிவித்தல் வாசிப்பவள். அது சின்ன வேலை என்று நினைப்பவருக்குத் தீவைத் தெரியாது. செய்தியைத் தவறவிட்டாலும் பின்னேரம் அறிவித்தலைத் தவறவிடாத வீடுகள்தான் இங்கே. "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று அவள் தொடங்கும்போது குசினியில் தேங்காய் துருவுகிற கைகூட நிற்கும். பெயரை விழுங்கமாட்டாள். மருமக்கள் பெயரையும் மக்கள் பெயர் போலவே நிறுத்தி வாசிப்பாள். வெளிநாட்டிலிருந்து அழைத்து, "தங்கச்சி, எங்கடை அம்மாவின்ரையை நீங்களே வாசிச்சுவிடவேணும்" என்று அழுபவர்கள் இருந்தார்கள்.

பிரதாபன் வெயிலில் நின்றான், கடலில் நனைந்தான், தோளில் கமராவின் தழும்பு. அவனை ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாண பஸ்ஸில் இருவரும் போனால், முன் இருக்கைக்காரி திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

"நீங்கள் அறிவித்தல் வாசிக்கிற பிள்ளையெல்லே? குரலிலை பிடிச்சிட்டன். இவர் ஆர்?"

"இவர்தான் என்ரை மனுசன். கமரா செய்யிறவர்."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சுலோஜனாவிடமே கதைப்பாள். அந்த 'ஓ' பிரதாபனின் நெஞ்சுக்குள் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் கூட வரும்.

இதெல்லாம் முன்பே இருந்த சின்னக் குத்தல்கள். சங்கம் வந்தபிறகு அது சீழ் பிடித்தது.

செயலாளரான மறுநாளே சுலோஜனா ஒரு வேலை தொடங்கினாள். சங்கத்தில் நடப்பதைத் தன் குரலில் கைபேசியில் பதிந்து எல்லோருக்கும் அனுப்பினாள். "கடலொளி ஊழியர் சங்கச் செய்தி. வாசிப்பது சுலோஜனா." அறிவித்தல் வாசிக்கும் அதே குரல். "ரஜீபன் செத்துப்போனார் எண்டு சொல்லப்போறியள் எண்டு நினைச்சிட்டன் அக்கா" என்று டெனிஸ்ரன் பதில் போட்டான். அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய், நயினாதீவு, வேலணை, அனலைதீவு எல்லாம் தாண்டி ரொறன்ரோவுக்குப் போனது. மீன் சந்தையில் ஒருவர் பிரதாபனை மறித்து, "சங்கச் செய்தி சுலோஜனான்ரை மனுசன் நீர்தானே?" என்றார். அன்று அவன் மீன் வாங்காமல் வந்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. தாய் நல்லம்மா மருமகளின் கட்சி. மாமியாராகக் கொஞ்சமாவது முகம் சுழிப்பாள் என்று பிரதாபன் எதிர்பார்த்தான். அவளோ சுலோஜனாவின் கைபேசி அடித்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து நின்று கேட்பாள்.

"பிள்ளை நல்லாக் கதைக்குது தம்பி. உன்ரை கொப்பர் கூடச் சபையிலை இப்பிடி நறுக்கெண்டு கதைக்கமாட்டார்."

"அப்பர் ரெண்டு தரம் மறுத்துப்போட்டுத்தான் கதைச்சவர்" என்றான் பிரதாபன்.

"அது சும்மா நடிப்புத்தானே ராசா."

பெற்ற தாய் இப்படிச் சொன்னால் மனிதன் எங்கே போய் முறையிடுவது?

நயினாதீவு அம்மனுக்குக் கொடி ஏறியது. கொடி ஏறினால் அந்த வீட்டில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கை இலைச் சுண்டல், புட்டு. சோளகம் வீசி வாசல் முழுக்கப் புழுதி. கிணற்றுத் தண்ணீர் உவர் ஏறி, குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியை எதிர்பார்த்து வாளிகள் வாசல் படலையில் காத்திருந்தன. அந்த நாட்களில்தான் சங்கம் முடிவெடுத்தது. தேருக்கு முன் கடிதம் வராவிட்டால் தேர் நேரலை இல்லை. அன்று நிலையத்தில் ஒரு வேலையும் நடக்காது, மரண அறிவித்தலைத் தவிர.

சுலோஜனா குசினியில் மா அவித்துக்கொண்டிருந்தபோது பிரதாபன் கேட்டான்.

"அதென்ன, அறிவித்தலைத் தவிர?"

"செத்தவை என்னப்பா செய்தவை? சனம் வெளிநாட்டிலையிருந்து பாத்துக்கொண்டிருக்கும், எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கினம் எண்டு. அதை நிப்பாட்டினால் ஊரே எங்களுக்கு எதிரா நிக்கும். எல்லாரும் சேர்ந்துதானே முடிவெடுத்தது, நீங்களும் கை உயர்த்தினியள்."

"உயர்த்தினனான். பேந்துதான் யோசிச்சனான். தேரண்டைக்கு என்ரை கமரா ஓய்ஞ்சு கிடக்கவேணும், உம்மடை குரல் மட்டும் போகும். நல்ல வேலைநிறுத்தம்."

சுலோஜனா திரும்பிப் பார்த்தாள். ஆவியில் முகம் வேர்த்திருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்னிலை கோவமோ?"

"எனக்கென்ன கோவம்?"

"அப்பிடியெண்டால் சரி. அந்தச் சுளகை எடுத்துத் தாங்கோ."

எடுத்துக் கொடுத்தான். கோபம் என்று சொல்லியிருந்தால் சமாதானமாவது செய்திருப்பாள். பொறாமை என்று எந்த ஆண்பிள்ளை வாய்திறந்து சொல்வான்? அதுவும் பெண்டாட்டியிடம்?

இரண்டு நாள் கழித்துத் தாம்போதியில் ரஜீபனின் வான் அவனை முந்திப் போய் நின்றது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் வீதி, காற்று சட்டையைப் பிடுங்கியது. ரஜீபன் இறங்கி வந்து, வயதுக்கு மூத்தவனிடம் பேசும் மரியாதையோடு தொடங்கினான்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் செயலாளரா இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்குமோ?"

பிரதாபன் மோட்டார்சைக்கிளை நிறுத்திக் கால் ஊன்றினான்.

"ஆம்பிளையள் ரெண்டு பேர் இருந்து கதைச்சு முடிக்கிற விசயம். அக்கா கெட்டிக்காரிதான், இல்லையெண்டேல்லை. ஆனா இப்ப பாருங்கோ, எங்கை போனாலும் சுலோஜனா, சுலோஜனா. கடலொளியைத் தூக்கி நிறுத்தினது உங்கடை கமரா. நயினாதீவுத் தேரை உங்களைப்போல எடுக்க ஆர் இருக்கினம்? மாமாவே கேட்டவர், அந்தக் கமராக்காரன்ரை பேர் என்ன எண்டு."

"கேட்டவரோ?"

"கேட்டவர் அண்ணை. அதுதான் நான் நினைச்சனான், இந்தமுறை உங்கடை பேரைப் போடுவம் எண்டு. சும்மா கடைசியிலை ஓடவிடுறேல்லை. தேர் வெளிக்கிட்டுத் திரும்பி இருப்பிடத்துக்கு வருமட்டும் திரையின்ரை கீழை அசையாமல் நிக்கும். ஒளிப்பதிவு, புங்குடுதீவு பிரதாபன். உலகம் முழுக்கப் பாக்கும்."

காற்று இரைந்தது. பிரதாபன் கடலைப் பார்த்தான்.

"அன்ரனிதாஸ், மற்றவை ஒருத்தரும் வராயினம்."

"தேவையில்லை. நீங்களும் நானும் போதும். இணைப்பை நான் பாக்கிறன்."

அவன் ஓம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுக்காமல் விட்டால் பதவி கைக்கு வரும் என்று இந்தமுறை அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

தேரன்று விடிய சுலோஜனா முழுகி, பருத்திச் சேலை கட்டி, புட்டும் சம்பலும் இரண்டு பொதியாகக் கட்டினாள். ஒன்றைப் பிரதாபனிடம் கொடுத்தாள். சங்கத்தார் எல்லோரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் பதாகையோடு நிற்பது என்று ஏற்பாடு.

"வெளிக்கிடுவமோ?"

"நீர் அன்ரனிதாஸின்ரை ஓட்டோவிலை போம். எனக்கு மோட்டார்சைக்கிளுக்குக் காத்தடிக்கவேணும். பின்னாலை வாறன்."

"கெதியா வாங்கோ. செயலாளரின்ரை மனுசனைக் காணேல்லை எண்டு சொல்லப்போறாங்கள்."

செயலாளரின் மனுசன். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அவன் ஒருவேளை மோட்டார்சைக்கிளுக்கே காற்றடித்திருப்பான். ஓட்டோ திருப்பத்தில் மறைந்ததும் வேட்டியைக் கட்டி, சால்வையை இடுப்பில் இறுக்கி, வீட்டுப் பின் ஒழுங்கை வழியாக நடந்து ரஜீபனின் வானில் ஏறினான்.

குறிகட்டுவானில் சனம் நெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்கள் வரிசையாய் ஆட்களை இறக்கின. தேங்காய்ப் பை, பால்செம்பு, தோளில் தூங்கும் குழந்தைகள். படகுக்கு நீண்ட வரிசை. இறங்குதுறைத் தொடக்கத்தில், "நாங்கள் கூட வந்தவர்கள் அல்ல, ஊழியர்கள்" என்று எழுதிய பதாகையோடு சங்கத்தார் நின்றார்கள். போகிற சனம் சுலோஜனாவை அடையாளம் கண்டு நின்று கதைத்துவிட்டுப் போனது.

கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பிரதாபன் அவர்களுக்கு முன்னால்தான் நடக்கவேண்டியிருந்தது. வேறு வழி இல்லை, கடலுக்கு ஒரே ஒரு பாதைதான்.

முதலில் கண்டவன் அன்ரனிதாஸ். அவன் பிரதாபனைப் பார்க்கவில்லை, சுலோஜனாவைப் பார்த்தான். பிறகு எல்லோரும் சுலோஜனாவையே பார்த்தார்கள். துரோகம் செய்பவன் இவன், அப்போதும் பார்வை அவளுக்குத்தான்.

சுலோஜனாவின் முகம் வெளிறியது. பதாகையின் கம்பை மறுகையாலும் பிடித்துக்கொண்டாள்.

டெனிஸ்ரன் மட்டும் ஊன்றுகோலோடு இரண்டு எட்டு முன்னுக்கு வந்தான். திட்டப்போகிறான் என்று பிரதாபன் நினைத்தான்.

"அண்ணை, பின்னாலை ஆரண்ணை பிடிக்கிறது?"

பிரதாபன் நிற்காமல் போய்ப் படகில் ஏறினான்.

டெனிஸ்ரன் கேட்டதற்கு அர்த்தம் இருந்தது. தேரை எடுக்கும் கமராக்காரன் தேருக்கு முன்னால் பின்பக்கமாக நடக்கவேண்டும். கண் கமராவுக்குள் இருக்கும். கால் எங்கே படுகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் இடுப்புச் சால்வையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒருவன் வருவான். முடிச்சை இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம், முதுகில் தட்டினால் நில். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பொடியன் டெனிஸ்ரன் வேட்டி கட்டிக்கொண்டு இப்படித்தான் ஒவ்வொரு வருடமும் அம்மனின் வீதியைச் சுற்றியிருக்கிறான். அவன் கையை நம்பித்தான் பிரதாபன் கண்ணைக் கமராவில் வைத்தான்.

தேர் அசைந்தபோது முடிச்சை ரஜீபன் பிடித்தான். அரோகராச் சத்தம் எழுந்தது. வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள். பிரதாபன் கமராவை உயர்த்தினான். அம்மனின் முகம், மாலை, தேர்ச்சீலை, சில்லின் கீழ் நொறுங்கும் மண். எல்லாம் ஒழுங்காக வந்தது. கீழே தன் பெயர் நிற்கிறது என்ற நினைப்பு அவனுக்குக் கள் குடித்தவனின் தெம்பைத் தந்தது. பார்க்கட்டும். பஸ்ஸில் 'ஓ' என்றவளும் பார்க்கட்டும்.

தெற்கு வீதி திரும்பும்போது ரஜீபனின் கைபேசி அடித்தது. இணைப்பு ஆடுகிறது என்று சுவிசிலிருந்து சத்தம். "ஒரு நிமிசம் அண்ணை" என்றுவிட்டுச் சால்வையை விட்டான். சனத்தின் இரைச்சலில் அது பிரதாபனுக்குக் கேட்கவில்லை. இழுப்பு இல்லையென்றால் நேரே போகலாம் என்றுதான் அவன் பழகியிருந்தான். நேரே போனான்.

தேருக்கு முன் அடிக்கிற சிதறு தேங்காய் அங்கே குவியலாக உடைந்து கிடந்தது. ஈரச் சிரட்டையில் குதிகால் வழுக்கி, கமராவை நெஞ்சோடு அணைத்தபடி மல்லாக்க விழுந்தான். அடுத்த கணம் கமரா கையிலிருந்து உருண்டது. முழங்கை சிரட்டையில் கிழிந்தது. தலைக்கு மேலே வடம். அதற்குப் பின்னால் தேர். நூற்றுக்கணக்கான கைகள் இழுக்கும் தேர் நினைத்தவுடன் நிற்காது.

"ஆளை இழுங்கோ! ஆளை இழுங்கோ!"

யாரோ இருவர் காலில் பிடித்து மண்ணில் இழுத்தார்கள். அவன் கிடந்த இடத்தைச் சில்லு அரைத்துக்கொண்டு போனது. பிரதாபன் எழுந்து உட்கார்ந்து மண்ணைத் துப்பினான். அப்போதுதான் முதன்முறையாக அவனுக்கு நெடுந்தீவு இறங்குதுறையில் டெனிஸ்ரன் போட்ட சத்தம் நினைவு வந்தது. அன்று பிரதாபன் கமரா நனைகிறதா என்றுதான் முதலில் பார்த்தான்.

கமரா ஓரமாய்க் கிடந்து நன்றாகவே வேலை செய்தது. அது வானத்தைக் காட்டியது. சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் முழுகிக் கற்பூரம் கொளுத்தி வைத்துக்கொண்டு இருந்த சனம், அரோகராச் சத்தத்தோடு வெறும் வானத்தைப் பார்த்தது. ஒரு காகம் பறந்து போனது. கீழே எழுத்து அசையாமல் நின்றது: ஒளிப்பதிவு, புங்குடுதீவு பிரதாபன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது குறிகட்டுவானில் சங்கத்தார் இல்லை. தில்லைநாதன் நேரடியாகக் கதைக்கக் கூப்பிட்டு, எல்லோரும் நிலையத்துக்குப் போய்விட்டார்கள் என்று கடலை விற்றவள் சொன்னாள். தேர்ச் செலவு கொடுத்த உபயகாரர் உலகம் முழுவதிலிருந்தும் போன் எடுத்துத் தில்லைநாதனின் காதைப் பிடுங்கியிருந்தார்கள். ரஜீபன் அவனை ஏற்றாமலே வானை விட்டுக்கொண்டு போனான். பிரதாபன் நடந்து பஸ் ஏறினான்.

நல்லம்மா வாசலில் இருந்தாள். முழங்கையைக் கண்டதும் சுடுதண்ணீர் வைத்துக் கழுவினாள்.

"பாத்தனியோ அம்மா?"

"பாத்தனான். அயலெல்லாம் இஞ்சைதான் இருந்து பாத்தது."

"என்ன சொல்லிச்சினம்?"

"முதல் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. பேந்து உன்ரை பேரைப் பாத்துப்போட்டுத்தான், பொடியனுக்கு என்னவோ நடந்துபோச்செண்டு நான் கத்தினனான்." துணியைப் பிழிந்தாள். "பிள்ளைதான் அங்கையிருந்து போன் எடுத்து, ஆள் தப்பியிட்டார், பயப்பிடாதையுங்கோ மாமி எண்டது. ஆரையோ நயினாதீவிலை பிடிச்சு விசாரிச்சிருக்கு. நீ செய்த வேலைக்கு வேறை ஆரும் எண்டால் விசாரிப்பாளோ?"

பிரதாபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுலோஜனா கட்டிக்கொடுத்த புட்டுப் பொதி அவிழ்க்கப்படாமல் பையில் அப்படியே இருந்தது. பசிக்கவில்லை.

பின்னேரம் டெனிஸ்ரன் அழைத்தான்.

"அண்ணை, கை எப்பிடி?"

"பரவாயில்லை."

"முடிஞ்சுது அண்ணை. எல்லாருக்கும் கடிதம். எனக்கும். தில்லைநாதன் ஐயா திரையிலை வந்து ஒத்துக்கொண்டவர்." அவன் குரலில் மகிழ்ச்சி தாங்கவில்லை. "அக்கா கதைச்ச கதையை நீங்கள் கேட்டிருக்கவேணும். ஐயா சொன்னார், ஒராள் போய் எடுத்தவர்தானே, நீங்கள் இல்லாமலும் நடக்கும் எண்டு. அக்கா விடேல்லை. 'ஐயா, அந்த ஒராள் ஆரெண்டு தெரியுமோ? உங்களுக்கு அம்மன்ரை முகம் தெரியவேணும் எண்டு தன்ரை காலுக்குக் கீழை என்ன கிடக்கெண்டு பாக்காமல் பின்பக்கமா நடக்கிறவர். கண்ணுக்குள்ளை வேர்வை விழுந்தாலும் துடைக்கமாட்டார், துடைச்சால் படம் ஆடும் எண்டு. ராவிலை தோள் வீங்கி ஒருக்களிச்சுப் படுக்க ஏலாது அவருக்கு. பாக்கிற சனத்துக்கு அவர்ரை முகம் தெரியாது. அவருக்குப் பின்னாலை பிடிக்கிற கையும் வேலைதான். அந்தக் கை இல்லாமல் இண்டைக்கு அவர் சில்லுக்குள்ளை போகப் பாத்தவர். இப்ப சொல்லுங்கோ, இதிலை ஆர் உதவியாள், ஆர் ஊழியர்?' எண்டா. ஐயா கண்ணாடியைக் கழட்டிப்போட்டார்."

பிரதாபன் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். தோள் வீங்குவதை அவன் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

"அன்ரனிதாஸ் அண்ணைக்குத்தான் பொறுக்கேல்லை. சங்கத்தை வித்தவனுக்கு ஏன் கடிதம், அந்தாளின்ரையை விடுங்கோ எண்டார். அக்கா மாட்டன் எண்டிட்டா. கமராக்காரருக்கு இல்லாத கடிதம் ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு எழும்பியிட்டா. பேந்துதான் எல்லாரும் சரியெண்டது."

கைபேசியை வைத்தபிறகு பிரதாபன் எழுந்து முகம் கழுவினான். தலை வாரினான். பஸ்ஸில், சந்தையில், உலகம் முழுவதிலும் யாராவது ஒருவராவது தெரிந்துகொள்ளமாட்டாரா என்று அவன் ஏங்கிய எல்லாவற்றையும் அவள் தெரிந்து வைத்திருக்கிறாள். சபையில் சொல்லியும் இருக்கிறாள். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. வரட்டும், கதைத்துக்கொள்ளலாம் என்று படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அறிவித்தலையும் வாசித்துவிட்டுப் பொழுதுபடும் நேரத்தில் சுலோஜனா வந்தாள். கிணற்றடியில் கால் கழுவினாள். நல்லம்மா பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெண்டிட்டாய் பிள்ளை."

"எல்லாரும் சேர்ந்துதான் மாமி." குடித்தாள். தொண்டை கட்டியிருந்தது. பிரதாபனின் முழங்கையை ஒரு தடவை பார்த்தாள். கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை. பிறகு தேநீரைப் பார்த்தாள்.

நல்லம்மா குசினிக்குப் போகும்வரை அவன் பொறுத்திருந்தான்.

"என்னைப் பற்றிக் கனக்கக் கதைச்சனீராம். டெனிஸ்ரன் சொன்னவன்."

"உங்களைப் பற்றிக் கதைக்கேல்லை. கமராக்காரரைப் பற்றிக் கதைச்சனான்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"இல்லை."

கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"கமராக்காரர் நல்ல வேலை தெரிஞ்சவர். அவருக்காக நான் எங்கையும் போய்க் கதைப்பன், ஆரோடையும் சண்டை பிடிப்பன். பின்னாலை வாறன் எண்டு சொல்லி என்ரை கையாலை புட்டு வாங்கின மனுசன் வேறை ஆள். நான் இறங்குதுறையிலை அவ்வளவு பேருக்கு முன்னாலை நிண்டனான். அந்த மனுசனோடை கதைக்க என்னட்டை ஒண்டுமில்லை."

"சுலோ..."

"இண்டைக்கு ஒண்டுமில்லை. நாளைக்கும் இருக்குமோ தெரியாது."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு தொண்டையைச் செருமும் ஒலி கேட்டது. தொடர்ந்து அந்தக் குரல், ஒரு பிசிறும் இல்லாமல்.

"கடலொளி ஊழியர் சங்கச் செய்தி. வாசிப்பது சுலோஜனா."

குசினியில் நல்லம்மாவின் கை நின்றது. சுலோஜனா பெயர்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி, விழுங்காமல் வாசித்தாள். செய்திப் பிரிவு. படத்தொகுப்பு. உதவியாளர் டெனிஸ்ரன். கமராப் பிரிவுக்கு வந்தபோதும் குரல் மாறவில்லை. தேர் வீதியில் காயமடைந்த ஒளிப்பதிவாளர் பிரதாபன் அவர்கள் விரைவில் குணமடைந்து பணிக்குத் திரும்ப வேண்டும் என்று சங்கம் விரும்புகிறது என்று வாசித்தாள். அந்தப் பெயரை எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு அன்பாகச் சொன்னாள்!

சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த பிரதாபனுக்கு, அந்தக் கமராக்காரன்மேல் வயிறு எரிந்தது.